மூணு ஊர் வேண்டாம், ஒரு ராத்திரி தங்குங்க

அன்புள்ள அக்கா,

செப்டம்பர்ல இத்தாலி போறோம், நான், மனைவி, அம்மா (68 வயசு, முட்டி வலி உண்டு). ஃப்ளாரன்ஸ்ல தங்கிட்டு ஒரு நாள் கார் எடுத்து மோன்தெரிஜ்ஜோனி, சான் ஜிமிஞானோ, வோல்த்தெர்ரா மூணையும் பாத்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்னு ப்ளான். முடியுமா? எல்லாமே மலை மேல மதில் கட்டின ஊர்தானே, ஒண்ணு பாத்தா போதாதான்னு மனைவி கேக்கறாங்க.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும், ஆனா வேண்டாம். பாதி நாள் பார்க்கிங் தேடறதுலயும் மேட்டுல ஏறுறதுலயும் போயிடும். ஒண்ணு போதும்னு உங்க மனைவி சொல்றது சரி, ஆனா எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்கறதால இல்ல. மோன்தெரிஜ்ஜோனி பக்கத்து நகரமான சியெனாக்காரங்க 1213ல ஃப்ளாரன்ஸுக்கு எதிரா எல்லைக் காவலுக்குன்னே கட்டினது, மதிலோட சுத்தளவே 570 மீட்டர்தான். சான் ஜிமிஞானோவுல பணக்காரக் குடும்பங்க போட்டி போட்டுக் கட்டின கோபுரங்க ஒரு காலத்துல 72 இருந்ததாம், 1348ல ப்ளேக் வந்து ஊரே நொடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் இடிச்சுக் கட்டப் பணமில்லாததாலதான் இன்னிக்கு 14 மிச்சம் இருக்கு.

நான் சொல்றது வோல்த்தெர்ரா. அங்கயே மதிலுக்குள்ள ஒரு ராத்திரி தங்குங்க.

முதல்ல போர்த்தா அல்லார்கோ வாசலுக்குப் போங்க. ரோமர்களுக்கு முன்னாடி இருந்த எத்ருஸ்கர்கள் காலத்து வாசல், 2000 வருஷத்துக்கு மேல ஆச்சு. வளைவுல மூணு கல் தலை துருத்திட்டு நிக்கும், மத்த கல்லெல்லாம் வெளிர் நிறம், இது மட்டும் கறுப்பு, கண்ணு மூக்கு வாய் எதுவும் இல்லாம மழையிலயும் காத்துலயும் அப்படியே கரைஞ்சு போயிருக்கு, யாரோட தலைன்னு இன்னும் வாதம் நடக்குது. நான் கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டே நின்னேன்.

1944 ஜூன் கடைசியில நேச நாட்டுப் படை நெருங்கி வர்றப்ப, ஜெர்மன்காரங்க வழியை அடைக்க இந்த வாசலை வெடி வச்சுத் தகர்க்கப் பாத்தாங்க. ஊர் ஜனங்க, நாங்களே அடைச்சுத் தர்றோம் விட்டுடுங்கன்னு கேட்டு, வாசலுக்குப் போற தெருவுல பாவியிருந்த கல்லையெல்லாம் பேத்து எடுத்து 24 மணி நேரத்துல வாசலை மூடிட்டாங்க. அதனாலதான் இன்னிக்கு அது நிக்குது. அந்தத் தெருவுல நடக்கறப்ப காலுக்குக் கீழ இருக்கற கல்லைப் பாத்து எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. மதில் தானா நிக்கறதில்ல, 2014 ஜனவரியில மழைக்கு மத்தியகால மதில்ல ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துச்சு, திரும்பக் கட்டினாங்க.

ராத்திரி ஏன் தங்கணும்னா, சாயங்காலம் டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் இறங்கிப் போனப்புறம் ஊர்க்காரங்க குழந்தை குட்டியோட தெருவுல உலாத்த வருவாங்க, பாட்டிங்க நின்னு பேசுவாங்க, அலபாஸ்டர்ங்கற மென்மையான வெளிர் கல்லைச் செதுக்கற பட்டறையில அப்பதான் தூசி தட்டிட்டு ஷட்டர் இறக்குவாங்க. பகல்ல வந்து போறவங்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

காரைப் பத்தி ஒண்ணு. இந்த ஊர்கள்ல உள்தெருவுக்கு வெளிவண்டி நுழையக் கூடாது, சிவப்பு வட்டம் போட்ட வெள்ளை போர்டு இருக்கும், மேல கேமரா. நாங்க ஒரு ஊர்ல தெரியாம ரெண்டு தடவை நுழைஞ்சோம், மாசக்கணக்கு கழிச்சு ரெண்டு அபராதம் வீட்டுக்கு வந்துச்சு, வாடகை கார் கம்பெனி தனியா ஒரு தொகை பிடிச்சாங்க. ரூம் புக் பண்றப்பவே கார் நம்பரைப் பதிஞ்சு அனுமதி வாங்கித் தருவாங்களான்னு கேட்டுக்கங்க, அப்பதான் அம்மாவை வாசல்லயே இறக்க முடியும்.

அம்மாவுக்கு அந்த வாசல் தெருவுல இறங்கறது சுலபம், ஏறுறதுதான் கஷ்டம், நல்ல சரிவு. நடுவுல நின்னு நின்னு வாங்க, ஷூ கண்டிப்பா போடச் சொல்லுங்க. அப்புறம் அங்க ரொட்டியில உப்பே இருக்காது, மலைக்குக் கீழயே உப்பு எடுக்கறாங்க ஆனாலும் போட மாட்டாங்க, இந்த ஊரெல்லாம் இருக்கற தஸ்கனி பகுதியோட வழக்கம் அது. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.