பழைய கார் விளம்பரத் தகரப் பலகைகளை வாங்கி வீட்டில் மாட்டுவது வீண் செலவா?

ஹாலில் அழகுக்கு மாட்டத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நகல் என்று தெரிந்து, நகலுக்குரிய விலைக்கு வாங்கினால் வீண் இல்லை. நகலை அசல் என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள் பாருங்கள், அதில் மாட்டியவன் நான்.

அப்பா மதுரையில் கார் மெக்கானிக். கை வைத்த வண்டிகளிலேயே அவருக்கு உயிர் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் சிவப்பு ஹெரால்டு படம் போட்ட பலகை வாங்கினேன். அந்தக் காலத்து மெட்ராஸ் ஷோரூமில் தொங்கியது என்றார் கடைக்காரர். 7,500 ரூபாய்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் எழுத்துகளைத் தடவினார். "ஏம்ப்பா, ட்ரையம்ப்னு போட்டிருக்கே. அது சீமையில வச்ச பேரு. இங்க வித்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டுல்ல?" என்றார். அப்புறம் ஆணித் துளையைக் காட்டினார். துரு வட்டமாக ஓர் இடத்தில் இருந்தது. துளையோ அரை அங்குலம் தள்ளி, பளபளவென்று இருந்தது. துருவையே அச்சடித்திருக்கிறார்கள்! அதே பலகையை இணையத்தில் 450 ரூபாய்க்குப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

அசல் எனாமல் பலகை என்றால் இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, 800 டிகிரி அளவுச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைத்தது. பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு தடவை சூளையில் வைப்பார்கள். அதனால் நிறங்கள் சேரும் இடத்தில் விரலுக்கு மேடு தட்டும். பலகை கனக்கும். ஆணியை முறுக்கிய இடத்தில் கண்ணாடி சில்லாகப் பெயர்ந்து, அங்கிருந்துதான் துரு பரவும். நான் வாங்கியது அப்பளம் மாதிரி மெல்லிய தகரம்.

அந்தக் காலத்திலும் அச்சடித்த தகரப் பலகைகள் உண்டே என்று யாராவது வருவீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் துரு அச்சாகியிருக்காது. எனாமலிலேயே புது நகல்கள் வருகின்றன என்பதும் தெரியும். அதனால்தான் விரலை மட்டும் நம்பாமல், அந்த வண்டி நம் ஊரில் எந்தப் பெயரில் ஓடியது என்று பழைய மெக்கானிக் யாரையாவது கேளுங்கள் என்கிறேன். நகல் விற்பவர்கள் எல்லோரையும் நான் திட்டவில்லை. நகல் என்று சொல்லி விற்பவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"நீயே வச்சுக்க" என்று அப்பா கொடுத்துவிட்டார். சென்னைக்குக் கொண்டுவந்தால், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர். பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர், வருஷம் தவறாமல் வாடகையை ஏற்றுகிறவர், ஒற்றை ஆணிக்கு அப்படிப் பேசுகிறார். வாடகைக்கு இருப்பவனுக்குச் சுவரும் சொந்தமில்லை. உங்களுடையதும் வாடகை வீடு என்றால் முதலில் அதைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கடைசியில் பலகை மதுரைக்கே போய்விட்டது. அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பலகைக்கு மேலே மாட்டியிருக்கிறார். 'ட்ரையம்ப்' என்ற எழுத்தின்மேல் வெள்ளை பெயின்ட் அடித்து, தன் கையாலேயே 'ஸ்டாண்டர்டு' என்று எழுதியிருக்கிறார்.