எம்.எல்.ஏ. வீட்டு வாசல்

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இரண்டு அறை கொண்ட பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த என் மைத்துனர் அந்த வழியாகப் போகும்போது, "இதுவா எம்.எல்.ஏ. வீடு?" என்று கேட்டார். எனக்கே கூச்சமாகிவிட்டது. லட்சக்கணக்கான மக்களின் பிரதிநிதி, பதவிக்கு ஏற்ற ஒரு வீட்டில் இருக்க வேண்டாமா?

பதில்: உங்கள் கூச்சத்தை நான் தவறாக நினைக்கவில்லை. நம் ஆள் ஒருவர் பெரிய இடத்தில் இருந்தால் அந்தப் பெருமை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மனம் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் மதிப்பு யாருக்கு உரியது என்று யோசித்துப் பாருங்கள். அது பதவிக்கு உரியது. பதவிக்குச் சட்டமன்றம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, தொகுதியில் அலுவலகம் இருக்கிறது. அங்கெல்லாம் கம்பீரம் இருக்கட்டும். அவர் இரவில் தலைசாய்க்கும் இடம் அவருடைய வருமானத்துக்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

நான் 30 ஆண்டுகள் செய்தியாளராக இருந்தவள். அந்தக் காலத்தில் எத்தனையோ அரசியல்வாதிகளின் வீட்டு வாசலில் காத்திருந்திருக்கிறேன். அவற்றில் இரண்டு வாசல்களை மறக்க முடியவில்லை.

ஒன்று பெரிய பங்களா. வெளிக்கதவிலிருந்து உள்ளே போவதற்குள் மூன்று இடங்களில் பெயர் கேட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். விதவை உதவித்தொகைக்கான மனுவைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். யாரும் சொல்லாமலேயே செருப்பைத் தெருவில் கழற்றி விட்டுவிட்டு வந்திருந்தார். சிமென்ட் தரை வெயிலில் காய்ந்து கிடந்ததால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். "மனுவை இங்கேயே கொடுத்துவிட்டுப் போ பாட்டி" என்றார் காவலுக்கு நின்றவர். பாட்டி கொடுக்கவில்லை. "கையில் கொடுக்கிறேன் சாமி, கையில் கொடுத்தால்தான் மனசு ஆறும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து கார் புறப்பட்டுப் போயிற்று. பாட்டி பையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

இன்னொன்று உங்கள் எம்.எல்.ஏ. வீட்டைப் போன்ற ஒரு வீடு. திண்ணையில் பத்துப் பேர், உள்ளே பாயில் ஆறு பேர். எம்.எல்.ஏ. கட்டம்போட்ட நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் தானே எழுதினார். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார் என்று ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துத் திருத்தினார். சட்டமன்ற உறுப்பினரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அது இல்லை தம்பி, அடுத்த ஊர்" என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்தப் பெரியவர் அன்று செருப்பைத் திண்ணை ஓரத்தில்தான் விட்டிருந்தார். இரண்டு வாசலில் எது பதவிக்கு ஏற்றது என்று கேட்டால், இரண்டாவது என்று தயங்காமல் சொல்வேன்.

உங்கள் மைத்துனர் அடுத்த முறை வந்தால், அந்த வீட்டுக்கு ஒரு காலை நேரத்தில் அழைத்துப் போய் உட்கார வையுங்கள்.

கேள்வி: காமராஜரையும் கக்கனையும் காட்டிக் காட்டியே இன்றைய அரசியல்வாதிகளைக் குறை சொல்கிறீர்கள். தலைவர் என்றால் ஏழையாகவே சாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். அப்படி எந்த நாளும் நான் எழுதமாட்டேன்.

முதலில் காமராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் 1963 வரை முதலமைச்சர், பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. போய்ப் பாருங்கள். அது குடிசை அல்ல, நல்ல வீடு. நாலு பேர் வந்தால் உட்கார வைக்க இடம் இருந்த வீடு. ஆனால் அவருடையதல்ல, வாடகை வீடு. 1975 அக்டோபர் 2ஆம் தேதி அந்த வீட்டில்தான் இறந்தார். தமிழ்நாட்டை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர், இந்தியாவுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், சென்னையில் தனக்கென ஒரு வீடு சேர்த்துக்கொள்ளவில்லை. நாம் வணங்க வேண்டியது இதைத்தான். அவர் கஷ்டப்பட்டார் என்பதை அல்ல, பதவியைக் காட்டி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை.

கக்கன் விஷயம் வேறு. 1957 முதல் 1967 வரை பத்து ஆண்டுகள் அமைச்சர். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை எல்லாம் அவர் கையில் இருந்தன. 1967 தேர்தலில் தோற்ற பிறகு பேருந்தில் போய்வந்தார். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளிகளோடு கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாக அறிந்து, அவரைப் போய்ப் பார்த்து உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981இல் கக்கன் மறைந்தார். இந்தக் கதையை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. பத்து ஆண்டு உழைத்த ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்றுகூட நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நெஞ்சு எரிகிறது. அவருடைய நேர்மை அவருடைய பெருமை. அவர் கவனிப்பாரற்றுக் கிடந்தது நம்முடைய குற்றம்.

கேள்வி: சின்ன வீட்டில் இருப்பவரெல்லாம் நேர்மையானவரா?

பதில்: இல்லை. வீடு சின்னதாக இருக்கும், நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும். அதனால்தான் வீட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். உச்ச நீதிமன்றம் 2002லும் 2003லும் கொடுத்த தீர்ப்புகளால், வேட்பாளர் ஒவ்வொருவரும் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தே ஆக வேண்டும். மனைவி அல்லது கணவர், சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோரின் சொத்தும் கடனும் அதில் வர வேண்டும். அரசு வீட்டில் குடியிருந்தவர் என்றால் வாடகை, மின்சாரம், தண்ணீர்ப் பாக்கி இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன தேர்தல் பத்திரத்தையும் இந்தத் தேர்தல் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஓட்டு வீடு சொல்லாததை அந்த இரண்டு தாள்கள் சொல்லும்.

கேள்வி: முதலமைச்சர், பிரதமர் போன்றவர்கள் சிறிய வீட்டில் இருந்தால் பாதுகாப்புக் கெடாதா? வெளிநாட்டு விருந்தினர் வந்தால் எங்கே உட்கார வைப்பது?

பதில்: பாதுகாப்பு நியாயமான கவலை. அதை நான் தள்ளிவிட மாட்டேன். மம்தா பானர்ஜி 2011இல் மேற்கு வங்க முதலமைச்சரான பிறகும், கொல்கத்தா காளிகாட் பகுதியில் ஹரீஷ் சாட்டர்ஜி தெருவிலிருந்த தன் பழைய சிறிய வீட்டை விட்டுப் போகவில்லை. 2022 ஜூலையில் ஓர் இரவு, ஒரு மனிதர் சுவரேறி உள்ளே குதித்து, விடியும்வரை வளாகத்திலேயே இருந்தது தெரியவந்தது. நெருக்கமான தெருவில் காவலுக்கு ஆள் நிறுத்துவது எவ்வளவு சிரமம், அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக்குப் போகவே சோதனைக்கு நிற்க வேண்டியிருப்பது எவ்வளவு தொல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே உயிருக்கு ஆபத்து இருக்கிற பொறுப்பில் உள்ளவர், பதவி இருக்கும்வரை அரசு வீட்டில் இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

விருந்தினரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். உருகுவே நாட்டின் ஜனாதிபதியாக 2010 முதல் 2015 வரை இருந்த ஹோசே முஹிகா, மாளிகையை வேண்டாம் என்றுவிட்டுத் தலைநகர் மான்டிவீடியோவுக்கு வெளியே ஒரு சிறு பண்ணை வீட்டில் வாழ்ந்தார். சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார். 1987ஆம் ஆண்டுப் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை ஓட்டினார். உலகப் பத்திரிகைகள் அந்தப் பண்ணைக்குத் தேடிப் போயின. அதனால் உருகுவேயின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அரசுச் சந்திப்புகளுக்கு அரசுக் கட்டடங்கள் இருந்தன.

கேள்வி: பதவி போன பிறகும் அரசு பங்களாவைக் காலி செய்யாமல் இருக்கிறார்களே?

பதில்: முன்னாள் முதலமைச்சர்கள் ஆயுள் முழுக்க அரசு வீட்டில் இருக்கலாம் என்று உத்தரப் பிரதேசம் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பதவி முடிந்தால் அவரும் மற்றவர்களைப் போல ஒரு குடிமகன்தான் என்ற நிலை அதனால் உறுதியாயிற்று.

அதே ஆண்டு மார்ச்சில் திரிபுராவில் நடந்ததைப் பாருங்கள். 20 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த மாணிக் சர்க்கார் தோற்றதும் அரசு வீட்டைக் காலி செய்துவிட்டு, அகர்தலாவில் கட்சி அலுவலகத்தில் இருந்த அறைக்குப் போனார். சொந்த வீடு இல்லை. அவருக்கு முன்பே அதே மாநிலத்தில் நிருபேன் சக்கரவர்த்தி 1988இல் ஆட்சி போனதும் ஒரு தகரப் பெட்டியோடு வெளியேறினார். பத்து ஆண்டு முதலமைச்சராக இருந்த ஒருவரின் உடைமை முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. எங்கே அடிபட்டாலும் அரசியலில் எனக்கு நம்பிக்கை மிச்சமிருப்பதற்கு இப்படிப்பட்டவர்கள்தான் காரணம்.

கேள்வி: என் கணவர் ஒன்றியக் கவுன்சிலர். நேர்மையானவர், எங்களுக்கு இருப்பது ஒரு கூடமும் ஓர் அறையும்தான். காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு உட்கார்ந்து படிக்க இடமில்லை. கொஞ்சம் பெரிய வீட்டுக்கு வாடகைக்குப் போகலாம் என்றால், "ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார். நான் கேட்பது பேராசையா?

பதில்: இல்லை, தங்கையே. இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

மேலே பாய் விரித்த ஒரு வீட்டைப் பற்றி எழுதினேனே, அந்த வீட்டின் அடுப்படிக்கும் நான் போயிருக்கிறேன். எம்.எல்.ஏ.வின் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு சிறுமி குப்புறக் கவிழ்த்த அண்டாவின் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாராவது குரலை உயர்த்தும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள். நான் எழுதிய செய்தியில் எம்.எல்.ஏ.வின் எளிமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்த அண்டாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

எளிமையைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் வேறொருவர் என்று ஆகிவிடக் கூடாது. விருதுநகரில் தாயார் வீட்டுக்குத் தனியாகப் போடப்பட்ட குடிநீர்க் குழாயைக் காமராஜர் அகற்றச் சொன்னார் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். செய்தது சரிதான், எனக்கும் பெருமைதான். ஆனால் அன்றைக்கு மறுநாள் தெருக் குழாயில் குடத்தோடு நின்றிருக்கக்கூடிய சிவகாமி அம்மையாரையும் நான் நினைக்கிறேன். முஹிகாவின் மனைவி அவரோடு ஒரே இயக்கத்தில் போராடிச் சிறை கண்டவர், செனட்டராகவும் இருந்தவர். பண்ணை வாழ்க்கை இருவரும் சேர்ந்து ஏற்றது. மாணிக் சர்க்கார் தன் சம்பளத்தைக் கட்சிக்குக் கொடுக்க முடிந்ததென்றால், அவருடைய மனைவி மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்ததும் குடும்பத்துக்குத் துணையாக இருந்தது. எளிய தலைவர்கள் பலரின் வீட்டில் கணக்கில் வராத ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சொந்த வருமானத்தில் வாடகை கொடுத்து இன்னும் ஓர் அறை உள்ள வீட்டுக்குப் போவதை எந்த நியாயமான மனிதரும் குறை சொல்ல மாட்டார். யாராவது கேட்டால் வாடகை ரசீதைக் காட்டலாம். வீடு மாறுவது உடனே முடியாதென்றால், வாசல் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு இரண்டு பெஞ்சு போடுங்கள். வருகிறவர்கள் அங்கே உட்காரட்டும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டித் தொங்கவிடுங்கள். சாவு, விபத்து, பிரசவம் என்றால் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். நம் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடு என்றால் அவர்களே குரலைத் தாழ்த்துவார்கள்.

அந்தக் கூடத்தில் மகளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்த பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.