புட்டிங் உப்பவே மாட்டேங்குதா? எண்ணெயைப் பாருங்க

பெரம்பூர்ல இருந்து ஒரு வாசகி: அக்கா, அண்ணன் இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கான். அவன் வீட்டுக்குப் போயிருந்தப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரோஸ்ட்டோட யார்க்‌ஷையர் புட்டிங் குடுத்தாங்க, கிண்ணம் மாதிரி ஒசரமா, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நடுவுல காலியா இருந்துச்சு. இங்க வந்து ஓடிஜில (சின்ன கரண்ட் ஓவன்) மூணு வாட்டி பண்ணிட்டேன். ட்ரேல எண்ணெய் தடவி மாவை ஊத்தி வைக்கறேன், மூணு வாட்டியும் தடிமனான ஆம்லெட்தான் வருது. பேக்கிங் பவுடர் போட்டும் பாத்துட்டேன். எங்க தப்பு?

பதில்: உங்க லெட்டர்லயே பதில் இருக்கும்மா. "எண்ணெய் தடவி மாவை ஊத்தி வைக்கறேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான். எண்ணெய் தடவக் கூடாது, மஃபின் ட்ரேல (கப்கேக் சுடற குழி ட்ரே) குழிக்கு ஒரு டீஸ்பூன் ஊத்தி, மாவு இல்லாம ட்ரேயை 220 டிகிரி சூட்டுல பத்து நிமிஷமாவது வெச்சு, எண்ணெய் லேசா புகையப் போற நேரத்துல மாவை ஊத்தணும், ஊத்தும்போதே சொய்ங்னு சத்தம் வரணும். சத்தம் வரலன்னா அந்த ட்ரே எழும்பாது, அப்பவே தெரிஞ்சுடும்.

பேக்கிங் பவுடரை எடுத்து உள்ள வெச்சுடுங்க, அதைப் போட்டா கேக் மாதிரி பொதபொதன்னுதான் ஆகும். இதைத் தூக்கறது வெறும் நீராவி. தண்ணி ஆவியானா 1,600 மடங்குக்கு மேல விரியும். சூடான எண்ணெய் பட்டதும் மாவோட அடியும் ஓரமும் உடனே வெந்து முட்டையால இறுகி தோல் மாதிரி ஆயிடும், உள்ள இருக்கற ஆவி வெளிய போக வழியில்லாம அந்தத் தோலை மேல தள்ளும். பூரி உப்பறதும் இப்படித்தானே, எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டா எண்ணெயைக் குடிச்சிட்டு சப்பையா கெடக்கும்ல.

அளவு சொல்றேன். 2 முட்டை, 100 மில்லி பால், 70 கிராம் மைதா, கால் டீஸ்பூன் உப்பு, 6 குழிக்கு சரியா இருக்கும். தராசு இல்லாதவங்க முட்டையை ஒரு டம்ளர்ல ஒடச்சு ஊத்தி அது எதுவரைக்கும் வருதோ அதே அளவு பால், அதே அளவு மைதான்னு எடுத்துக்கலாம், வீட்டுல வழிவழியா அப்படித்தான் அளக்கறாங்க. பால் ஆவின் நீல பாக்கெட் போதும். கொழுப்பு கம்மியா இருந்தா நல்லா எழும்பும், மொறுமொறுப்பு இன்னும் வேணும்னா பால்ல கால் பங்கை எடுத்துட்டு தண்ணி சேருங்க. கட்டி இல்லாம அடிச்சு அரை மணி நேரம் விடுங்க. மைதா பாலைக் குடிச்சு ஊறி, மாவு நீர் தோசைக்கும் சாதா தோசைக்கும் நடுவுல ஒரு பதத்துக்கு வரும். குழியில பாதிக்கு மேல ஊத்தாதீங்க. 20லேந்து 25 நிமிஷம்.

ஒரு விஷயம், ஓடிஜி திருகுல 220ன்னு இருக்கறதால உள்ளயும் 220ன்னு நம்பிடாதீங்க. என் வீட்டுல அது 195தான் இருந்துச்சு, ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள வெச்சப்பறம்தான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் எத்தனை முட்டை வீணாச்சோ. மஃபின் ட்ரேயும் சிலிக்கான் வேணாம், அது சூட்டைப் புடிக்காது, தகரமோ அலுமினியமோ வாங்குங்க.

வேளச்சேரியில இருந்து ஒரு வாசகர்: மேடம், உள்ள இருக்கறப்ப சூப்பரா எழும்புது, போட்டோ எடுக்க வெளிய எடுத்து ரெண்டு நிமிஷத்துல பொசுக்குன்னு உக்காந்துடுது. கதவைத் தொறந்து பாத்ததால இருக்குமா?

பதில்: 20 நிமிஷத்துக்கு முன்னாடி தொறந்தீங்கன்னா கண்டிப்பா அதுதான். ஓடிஜி சின்னப் பொட்டி, ஒரு தடவை தொறந்தா சூடு மொத்தமா போயிடும், தோல் இன்னும் இறுகாம இருக்கறப்ப ஆவி குளுந்தா தாங்கறதுக்கு ஒண்ணுமில்ல. தொறக்கவே இல்லைன்னா வேகறது பத்தல. பாக்க செவந்த மாதிரி இருக்கும், ஆனா உள்பக்கச் சுவர் ஈரமா இருக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் விடுங்க, நல்ல அடர்ந்த பழுப்பு வரணும். அப்பறம் ஒவ்வொண்ணுலயும் கத்தி நுனியால ஒரு ஓட்டை போட்டு ஆவியை வெளிய விட்டு மறுபடி மூணு நிமிஷம் உள்ள வைங்க, சுவர் காஞ்சு நிக்கும். நம்ம ஊரு காத்துல இருக்கற ஈரத்துக்கு எப்படியும் பத்து நிமிஷத்துல தளந்துடும், அதனால எல்லாரையும் சாப்பிட உக்கார வெச்சிட்டு அப்பறமா எடுங்க. 2008ல இங்கிலாந்துல ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரிங்கற வேதியியல் சங்கம், 4 இஞ்சுக்குக் கம்மியா இருந்தா அது யார்க்‌ஷையர் புட்டிங்கே இல்லன்னு சொல்லிடுச்சு. நம்ம ஓடிஜில 3 இஞ்சு வந்தாலே சந்தோஷமா சாப்பிடலாம்னு நான் சொல்லுவேன்.

மயிலாப்பூர்ல இருந்து ஒரு வாசகி: வெண்ணெய் ஊத்தலாமா? நல்லெண்ணெய்?

பதில்: ரெண்டும் வேணாம். வெண்ணெய்ல பால் சத்து இருக்கு, 220 வர்றதுக்கு முன்னாடியே கருகிடும். செக்கு நல்லெண்ணெயும் சீக்கிரம் புகையும், வாசனையும் தூக்கலா இருக்கும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் நல்லாருக்கும். கசண்டு இல்லாம வடிகட்டின நெய் இன்னும் நல்லா சூடு தாங்கும். உண்மையில இந்தப் பலகாரமே கொழுப்புல பொறந்ததுதான். அந்தக் காலத்துல கம்பியில கறியைச் சுத்தி வாட்டும்போது சொட்டற கொழுப்பு வீணாப் போகாம இருக்க அடியில மாவு ஊத்தின தட்டை வெச்சிருக்காங்க, 1737ல அச்சான குறிப்புல பேரே 'டிரிப்பிங் புட்டிங்'தான், டிரிப்பிங்னா அந்தச் சொட்டற கொழுப்பு. யார்க்‌ஷையர்ங்கற பேரு 1747ல ஹன்னா கிளாஸ் எழுதின சமையல் புத்தகத்துல வந்துச்சு. கறிக்கு முன்னாடி கிரேவி ஊத்தி இதைக் குடுத்துடுவாங்களாம், வயிறு பாதி ரொம்பிட்டா கறி எல்லாருக்கும் பத்தும்ல. மட்டன் எடுக்கற வீடுன்னா கறியோட வர்ற கொழுப்பை உருக்கி வெச்சு அதுல பண்ணிப் பாருங்க, அந்த மணம் எண்ணெய்ல வராது.

தாம்பரத்துல இருந்து ஒரு வாசகி: எங்க வீட்டுல முட்டை சேக்க மாட்டோம். தயிரோ ஆளி விதையோ போட்டுப் பண்ண முடியுமா அக்கா?

பதில்: முடியாதும்மா, மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பொய் சொல்ல விரும்பல. அந்தத் தோல் இறுகறதே முட்டையாலதான், தயிர் போட்டா புளிச்ச கேக்குதான் வரும். மொறுமொறு ஓரம், உள்ள மெத்துனு வேணும்னா உங்ககிட்ட பணியாரக் கல்லு இருக்குமே, நல்லா காய வெச்சு எண்ணெய் விட்டு காரப் பணியாரம் சுடுங்க, யாருக்கும் கொறஞ்ச பலகாரம் இல்ல அது.

கொளத்தூர்ல இருந்து ஒரு வாசகர்: மாவை ராத்திரியே கரைச்சு வைக்கலாமா? மேல கருவேப்பிலை, வெங்காயம் தூவலாமா?

பதில்: தாராளமா கரைங்க, ஆனா ஃபிரிட்ஜுல. பச்சை முட்டையும் பாலும் கலந்த மாவு, நம்ம வெயிலுக்கு வெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. சுடறதுக்கு அரை மணி முன்னாடி எடுத்து ஒரு கலக்கு கலக்கிக்கோங்க. மிளகுத்தூளும் பொடியா நறுக்கின கருவேப்பிலையும் மாவுலயே கலக்கலாம், ரொம்ப நல்லாருக்கும். வெங்காயம் வேணாம், தண்ணி விட்டு பாரத்துல அமுக்கிடும், அதைத் தனியா வதக்கி வெந்த கிண்ணத்துக்குள்ள வைங்க. எங்க வீட்டுல உள்ள ஊத்தறது மட்டன் சால்னா. மாவை மூக்கு வெச்ச ஜக்குல ஊத்திக்கிட்டு வேலையைப் பாருங்க, எண்ணெய் தெறிக்கும், பசங்களைக் கிச்சன் பக்கம் விடாதீங்க.