இடுக்கில் நுழையும் டார்க் ரெஞ்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

டார்க் ரெஞ்ச் என்பது போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கருவி; அந்த அளவைச் சொல்லும் அலகு நியூட்டன் மீட்டர். மதுரை அவனியாபுரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் இருக்கிறது, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. ஸ்கூட்டரில் சட்டத்துக்கும் என்ஜினுக்கும் நடுவே அது நுழைவதே இல்லை. ஸ்பார்க் பிளக்கையும் கேம் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் கைப்பக்குவத்தில்தான் இறுக்குகிறோம். அண்மையில் ஒரு என்ஜின் ஹெட்டில் மரை போய்விட்டது. கடையில் இருப்பதிலேயே குட்டையானதைப் பார்த்து வாங்கிவிடலாமா? மரை போன ஓட்டையை என்ன செய்வது?"

குட்டை என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். உங்கள் ரெஞ்ச் நீளமாக இருப்பது பாதித் தொல்லைதான். அது உள்ளே நுழைந்தாலும் இந்த வேலைக்கு உதவாது என்பதே பெரிய தொல்லை. அலுமினிய ஹெட்டில் வரும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். 10 மில்லிமீட்டர் மரை கொண்ட ஸ்பார்க் பிளக்குக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். உங்கள் ரெஞ்ச் தொடங்குவதே 40-இல். ஆகவே இடமே தாராளமாக இருந்தாலும் அந்தப் போல்ட்டுகளை அதை வைத்து இறுக்கியிருக்க முடியாது.

எனவே முதலில் பட்டியல் போடுங்கள். அடிக்கடி எட்டாமல் போகும் போல்ட்டுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவு என்ன என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை 5-க்கும் 25-க்கும் இடையில் விழும். அதற்கென்றே இருப்பது கால் இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) கொண்ட, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரையிலான 'கிளிக்' வகை, அதாவது வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கொடுப்பது. இன்ஜின் ஆயில் டிரெயின் போல்ட் போன்றவற்றுக்கு 25-ஐத் தாண்ட வேண்டியிருந்தால், அடுத்த கட்டமாக மூன்று நூல் (3/8 இஞ்ச்) டிரைவில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒரே ரெஞ்சில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பது கட்டுபடியாகாது. கிளிக் வகைகள் அவற்றின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பகமாகக் காட்டுவதில்லை. பெரிய ரெஞ்சில் அடிமட்டத்தில் வரும் கிளிக்கை, பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடும்போது காதால் பிடிப்பதும் கடினம்.

சரி, ஏன் மிகக் குட்டையானதாக வேண்டாம்? முறுக்குவிசை என்பது விசையை நீளத்தால் பெருக்கி வருவது. 20 சென்டிமீட்டர் கைப்பிடியில் 25 நியூட்டன் மீட்டர் வர வேண்டுமென்றால் நீங்கள் சுமார் 13 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும்; அது சுலபம். அதே கைப்பிடியில் 100 வேண்டுமென்றால் 50 கிலோவுக்கு மேல் போய்விடும். அப்படி இழுத்தால் கிளிக் கேட்பதற்குள் கை நழுவிச் சட்டத்தில் முட்டி பெயரும். குட்டை ரெஞ்ச் சிறிய போல்ட்டுக்கு மட்டும்தான்.

இடுக்கில் நுழைவதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. ஒன்று, தலையின் உயரம். சாக்கெட்டை மாட்டிய பிறகு, சாக்கெட்டின் அடியிலிருந்து ராட்செட் (ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சும்மா திரும்பும் பல்சக்கரம்) தலையின் மேல்மட்டம் வரை எவ்வளவு என்று பாருங்கள். அட்டையில் எழுதியிருக்கும் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் டப்பா வரும் அட்டைப் பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குச் சரியாக நறுக்கிக்கொள்ளுங்கள். சிம்மக்கல் பக்கம் கருவிக் கடைக்குப் போகும்போது அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பெட்டியைப் பிரித்து, உங்கள் 10 மில்லிமீட்டர் சாக்கெட்டையே மாட்டி, அட்டைத் துண்டோடு ஒட்டிப் பாருங்கள். பிரிக்க மாட்டேன் என்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள். இது ஒன்றும் சேலை வாங்குவது இல்லை, பார்வைக்கு நன்றாக இருந்தால் போதும் என்று விட.

இரண்டாவது, ராட்செட்டின் பற்கள். 36 பல் என்றால் ஒரு பல் நகர 10 டிகிரி சுழல வேண்டும். மையத்திலிருந்து 24 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் கை 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நகர வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி அந்தச் சிறு வாசலில் கையை விடும்போது இந்த வித்தியாசம் தெரியும். பணம் கூடுதலாகக் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். ஒளிரும் திரைக்குக் கொடுக்க வேண்டாம். டிஜிட்டல் வகைகள் துல்லியமானவைதான். ஆனால் பலவற்றின் தலை தடித்திருக்கும், இடுக்கில் திரை கண்ணுக்குத் தெரியாது. முள் நகரும் வகையும் அப்படித்தான்: எட்டிப் பார்த்து அளவு படிக்க முடியாத இடத்தில் அது வெறும் கம்பி.

நுழையாத இடத்துக்கு எக்ஸ்டென்ஷன் கம்பி இருக்கிறதே என்பீர்கள். நேராகப் போகும் எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளமானாலும் அளவு மாறாது. கணக்கு எதுவும் போட வேண்டாம். ஆனால் ஒரு கையால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கம்பி சாய்ந்துவிடும். வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயிண்ட் வேறு கதை. வளைவு கூடக் கூடப் போல்ட்டுக்குப் போய்ச் சேரும் விசை மாறும். ஆகவே இறுதி இறுக்கத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பக்கவாட்டில் நுழைக்கும் காக்கைக்கால் சாக்கெட்டுக்குத்தான் கணக்கு வேண்டும். அது ரெஞ்சோடு ஒரே கோட்டில் நீண்டு நிற்கும்போது ரெஞ்சின் நீளம் கூடிவிடுகிறது. ரெஞ்சின் சதுர முனையின் மையத்திலிருந்து கைப்பிடியில் குறித்திருக்கும் கோடு வரை 240 மில்லிமீட்டர், காக்கைக்கால் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் 12-ஐ 240-ஆல் பெருக்கி 270-ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 10.7. அந்த அளவில் வைத்து இறுக்குங்கள். இந்தக் கணக்கு சரியாக வர கை அந்தக் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் மாட்டினால் எந்தத் திருத்தமும் வேண்டாம். முடிந்தபோதெல்லாம் அப்படியே மாட்டுங்கள், தலைவலி மிச்சம்.

அளவுகோலில் அலகைக் கவனியுங்கள். பழைய கையேடுகள் கிலோ கணக்கில் சொல்லும், 1.2 கிலோகிராம் மீட்டர் என்றால் சுமார் 12 நியூட்டன் மீட்டர். மலிவு ரெஞ்சுகளில் ஒரு பக்கம் அடி-பவுண்டு அச்சாகியிருக்கும். தவறிப்போய் 12 அடி-பவுண்டுக்கு வைத்தால் 16-க்கு மேல் இறுகும். அலுமினிய மரைக்கு அது சாவு மணி. பல ரெஞ்சுகள் கடிகாரச் சுற்றில் மட்டுமே அளக்கும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சரிபார்க்க வீட்டு வழி ஒன்று இருக்கிறது. ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடியைப் படுக்கை மட்டத்தில் வைத்து, மையத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 9.8 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும். 10-இல் வைத்த ரெஞ்ச் அதற்கு மிகவும் முன்பாகவோ பின்பாகவோ கிளிக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். கறாரான சான்றிதழ் வேண்டுமென்றால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 கிளிக்குக்கு ஒருமுறை என்பது வழக்கமான கெடு. வேலை முடிந்ததும் அளவை அதன் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன் வண்டிகள் குவிகிற நேரத்தில் பையன்கள் அதையே போல்ட் கழற்றப் பயன்படுத்துவார்கள். அதற்கு மட்டும் விடாதீர்கள். ஒரு கிளிக் கேட்டதும் நிறுத்த வேண்டும், இன்னொரு முறை இழுத்தால் இறுக்கம் கூடும்.

மரை போன ஓட்டைக்கு வருவோம். ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச் சுருளைப் பதிக்கலாம். லேத் பட்டறைகளில் செய்வார்கள், தொகுப்பு வாங்கி நீங்களே செய்யவும் முடியும். 6 மில்லிமீட்டர் மரைக்கு 6.2 அல்லது 6.3 மில்லிமீட்டர் துளையிட்டு, அந்தச் சுருளுக்குரிய டேப்பால் மரை வெட்ட வேண்டும். டேப்பில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், அலுமினியத் தூள் அதில் ஒட்டி வெளியே வந்துவிடும், என்ஜினுக்குள் விழாது. சுருளின் அடி வாலை உடைத்து எடுக்க மறக்காதீர்கள். பதித்த பிறகு போல்ட்டுக்கு அதே பழைய அளவுதான், கூடுதல் இறுக்கம் வேண்டாம். மரையில் ஆயில் இல்லாமல் துடைத்துவிட்டுப் போடுங்கள். கையேடு ஆயில் தடவச் சொல்லும் போல்ட்டுகளுக்கு மட்டும் ஆயில். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை ஆயில் மரையில் கொடுத்தால் போல்ட் கூடுதலாக நீண்டு அறுந்துபோகும்.