முதலில் கேஸ் ஷீட், அப்புறம் வக்கீல்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே கால் வயது. தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவம். தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது என்று இழுத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து வலது கையைத் தூக்க மாட்டேன் என்கிறான். "நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கு, ஆறு மாசத்துல சரியாயிடும்" என்றார்கள், ஆகவில்லை. பிசியோதெரபிக்கே சம்பளம் கரைகிறது. ஒரு வக்கீல், ஃபீஸே வேண்டாம், கிடைக்கும் தொகையில் முப்பது சதவீதம் போதும் என்கிறார். இன்னொருவர் போலீஸில் புகார் கொடுத்தால்தான் டாக்டர் வழிக்கு வருவார் என்கிறார். யாரிடம் போவது மேடம்?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: இருவரிடமும் வேண்டாம் அம்மா. இழப்பீட்டில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. முதல் சந்திப்பிலேயே தன் தொழிலின் விதியை மீறத் தயாராக இருப்பவர், நாளை மருத்துவமனைக்காரர்கள் ஒரு தொகையை நீட்டினால் உங்கள் பிள்ளையின் பக்கம் நிற்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போலீஸ் யோசனையும் அப்படித்தான். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வேண்டியது பையனின் கைக்கான செலவு, அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் நேர்வழி.

ஆனால் வக்கீல் தேடுவதற்கு முன்னால் கேஸ் ஷீட்டை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, முழு கேஸ் ஷீட்: பிரசவ வலியின்போது மணிக்கணக்கில் எழுதிய பதிவு, குழந்தையின் இதயத்துடிப்பு வரைபடம், குழந்தை மருத்துவரின் குறிப்பு, எல்லாம். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி, பதிவேடுகளை அவர்கள் பத்திரப்படுத்தக் கடமைப்பட்டதும் மூன்று வருடம்தான். நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். ஒரு கடிதம், ஸ்பீடு போஸ்ட், ரசீதை பீரோவில் வையுங்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தோள் சிக்குவதை எப்போதும் முன்கூட்டியே கணிக்க முடியாது, நல்ல மருத்துவரிடமும் நடக்கும். ஆகவே "ஏன் சிக்கியது" என்று கேட்டால் உங்கள் வழக்கு தோற்கும். உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா, ஸ்கேனில் குழந்தை பெரிதாகத் தெரிந்ததா, தெரிந்தும் சிசேரியன் பற்றி உங்களிடம் பேசினார்களா, அந்த நேரத்தில் அறையில் மருத்துவர் இருந்தாரா நர்ஸ் மட்டும்தானா, தலை வந்து உடல் வர எத்தனை நிமிடம், நடுவில் என்னென்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார்களா என்பதில்தான் வழக்கு இருக்கிறது. இன்னொன்று, இந்த நரம்புக் காயத்துக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதைப் பொதுவாக முதல் வருடத்துக்குள் செய்வார்கள். மாதங்கள் போயும் கை அசையாத குழந்தையை நிபுணரிடம் அனுப்பாமல் "சரியாயிடும்" என்றே ஓட்டினார்கள் என்றால் அதுவே தனிக் குற்றச்சாட்டு. உங்கள் கதையைக் கேட்டு இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும் வக்கீல்தான் உங்களுக்கு வேண்டியவர். (வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், கை அறுவை நிபுணர் ஒருவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். இப்போதும் செய்யக்கூடியவை உண்டு, அவர் எழுதித் தருவது வழக்குக்கும் உதவும்.)

சரி, அவரை எங்கே பிடிப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது விதி, அதனால் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வாதாடிய வக்கீல் பெயர் இருக்கும். பிரசவ வழக்குகளில் நோயாளி தரப்பில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று பேரைச் சந்தித்து, டாக்டர் யாரையாவது குறுக்கு விசாரணை செய்திருக்கிறீர்களா, நமக்காகக் கருத்துச் சொல்லப் போகிற மருத்துவர் யார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேஸ் ஷீட்டைப் படிக்காமலே "ஒரு கோடி வாங்கித் தரேன்" என்றால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். படித்துவிட்டு "இதில் வழக்கு இல்லை" என்று சொல்கிறவருக்கு ஃபீஸ் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பணம் இல்லையே என்றால், குழந்தைக்கும் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். நீங்கள் கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணமும் கிடையாது. 1998-இல் வந்த ஒரு தீர்ப்பின்படி குழந்தை, பெற்றோர் இருவருமே நுகர்வோர்தான், அதனால் இரண்டு தரப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கெடு 2 வருடம். அது எந்த நாளில் தொடங்குகிறது என்று வாதாட இடமுண்டு, தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நீங்கள் குழந்தை பிறந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். கையில் ஒன்பது மாதம்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணன் குழந்தை அரசு மருத்துவமனையில் பிறந்தது, மூச்சுத்திணறலில் மூளை பாதிப்பு. இலவச சிகிச்சைக்கு வழக்குப் போட முடியாது என்கிறார்களே?
– வாசகர், தென்காசி

பதில்: பாதி உண்மை. யாரிடமும் காசு வாங்காத மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் தீர்ப்பு வந்தது. சிலரிடம் வாங்கி சிலருக்கு இலவசம் என்றால், இலவசமாகப் பார்த்தவருக்கும் உரிமை உண்டு. முழுக்க இலவசம் என்றாலும் சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு, குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்ய வேண்டிய கண் பரிசோதனையைச் செய்யாமல் விட்டார்கள், பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது முடிந்திருந்தது, அத்தனை வருடம் பெற்றோர் நடந்தார்கள் என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட் கேட்டுத் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடச் சொல்லுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும்.