உறையை விடுங்கள், உள்வளையத்தைப் பாருங்கள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். சோர் பஜார் மட்டன் தெருவில் பழைய இசைத்தட்டுகள் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் ஒரு கடைக்காரர் மூன்று சரக்கு காட்டினார். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவின் 7 அங்குலத் தட்டு, ஏ அண்ட் எம் லேபிள், 9,000 ரூபாய். எழுத்தே இல்லாத வெள்ளை உறையில் பாப் டிலனின் இரட்டை எல்பி, 6,000 ரூபாய். ஒரு பை நிறையத் தமிழ் நாட்டுப்புறப் பாட்டு கேசட்டுகள், மொத்தமாக 800 ரூபாய். 'எல்லாமே அசல்' என்கிறார். எதை நம்பி வாங்கலாம்? கணினியில் ஏற்றி நண்பர்களுக்குத் தரலாமா?

பதில்: கேசட் பையை இன்றே வாங்கிவிடுங்கள். டிலன் தட்டுக்குப் பேரம் பேசலாம். பிஸ்டல்ஸ் தட்டுக்கு அதுகூட வேண்டாம்.

'அசலா, போலியா' என்று இரண்டாகப் பிரித்தால் இந்தச் சந்தையில் ஏமாறுவீர்கள். கம்பெனி வெளியிட்ட தட்டை உறை, லேபிள், எண் வரை அச்சாகக் காப்பியடித்தது கள்ளத்தட்டு. வெளிவந்த பாட்டுகளையே வேறு உறையில் போட்டு விற்பது திருட்டுப் பதிப்பு. கம்பெனி வெளியிடாத கச்சேரியையோ ஒத்திகை நாடாவையோ யாரோ தட்டாக்கி விற்றால் அது பூட்லெக். முன்னிரண்டுக்கும் சேகரிப்பாளரிடம் மதிப்பில்லை. பூட்லெக்கில் மட்டும் நல்லது கெட்டது உண்டு.

பிஸ்டல்ஸ் கதைக்கு வருவோம். 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்து, ஒரே வாரத்தில் கைகழுவியது. 'காட் சேவ் த குவீன்' பாட்டுக்காக அச்சடித்த ஏ.எம்.எஸ். 7284 எண் தட்டுகள் ஏறத்தாழ முழுதும் அழிக்கப்பட்டன. மிஞ்சிய சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு விலை. அதனாலேயே கள்ளத்தட்டுகள் ஏராளம். 9,000 ரூபாய்க்கு அது மட்டன் தெருவில் காத்துக்கொண்டிருக்காது. அதே பாட்டு மே மாதம் வர்ஜின் லேபிளில் வி.எஸ். 181 என்ற எண்ணில் வந்து லட்சக்கணக்கில் விற்றது. கேட்க ஆசையென்றால் அதைத் தேடுங்கள்.

கடையில் எந்தத் தட்டை எடுத்தாலும் பார்க்க வேண்டிய இடம், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் வரும் வெற்று வளையம். கைபேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே எண்கள் தெரியும். அவற்றைப் படமெடுத்து, இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்புக்குக் கொடுத்திருக்கும் எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இயந்திர முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எண் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கையெழுத்து என்பதாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பல கம்பெனிகள் கையால்தான் கீறின. அடுத்து 10 மடங்கு பூதக்கண்ணாடியால் உறையின் பொடி எழுத்துகளைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்து ஒரே மையாக, விளிம்பு கூராக இருக்கும். உறையையே படமெடுத்து மறுபடி அச்சடித்திருந்தால் எழுத்துக்குள் புள்ளிகள் தெரியும், படங்களில் அலைஅலையாகக் கோடு ஓடும்.

காதாலும் பிடிக்கலாம். தட்டில் கீறலே இல்லாத இடத்தில் 'டக்' சத்தம் கேட்டால், வேறொரு தட்டிலிருந்து எடுத்த காப்பியாக அது இருக்கலாம். சமீபத்தில் அடித்த போலிகள் சில எம்பி3 கோப்பிலிருந்தே வந்தவை. வீட்டில் கணினியில் ஏற்றி ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் (ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும்) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தாற்போல வெறுமையாக இருந்தால் அந்த வகை. பழைய நாடாப் பதிவிலும் உச்ச ஒலிகள் குறைந்துதான் இருக்கும், ஆனால் மெல்ல மங்கும், வெட்டுப்படாது.

வெள்ளை உறை டிலன், 1969இல் வெளிவந்த 'கிரேட் ஒயிட் ஒண்டர்' ஆக இருக்கலாம். ராக் இசையில் முதலில் பேர்பெற்ற பூட்லெக் அதுதான். 1961இல் மினியாபொலிஸில் பதிவான நாட்டார் பாட்டுகளும் 1967இல் ஒரு வீட்டு நிலவறையில் நடந்த ஒத்திகைகளும் அதில் உண்டு. சிக்கல் என்னவென்றால், பூட்லெக்காரர்கள் ஒருவரையொருவர் காப்பியடித்தார்கள். பூட்லெக்குக்கே பூட்லெக் வந்தது. வெற்று உறையை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால் இங்கேயும் வளையத்து எண்தான் சாட்சி. டிஸ்காக்ஸில் பூட்லெக்குகளின் விவரம் கிடைக்கும், அங்கே விற்க மட்டும் தடை. ஆகவே நம்பகமான சந்தை விலை பார்க்க முடியாது. இசைக்காக மட்டும் என்றால், நிலவறைப் பதிவுகள் 2014இல் முழுமையாக அதிகாரபூர்வமாகவே வந்துவிட்டன, மூல நாடாவிலிருந்து எடுத்தவை. எண் பொருந்தாவிட்டால் 1,500க்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

இப்போது கேசட்டுகள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்ற பேர்பெற்றவர்களின் பாட்டு வேறு வழியிலும் கிடைக்கும். பேர் தெரியாத ஊர்க் குழுவின் கும்மியோ ஒப்பாரியோ அப்படியில்லை; உங்கள் கையிலிருப்பதே மிஞ்சிய பிரதியாகவும் இருக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு 1984இல் சேர்ந்தது. அதன்படி உறையில் தயாரித்தவர், உரிமையாளர் பெயர் முகவரியும் முதலில் வெளியான ஆண்டும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் மங்கிய நகல் அட்டை மட்டும் இருந்தால் திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். நாட்டுப்புறப் பாட்டென்றால் அதையும் தூக்கிப்போடாதீர்கள்.

நண்பர்களுக்குத் தருவது பற்றி. நீங்கள் கேட்க ஒரு பிரதி எடுத்துக்கொள்வது வேறு, பகிர்வதும் விற்பதும் வேறு. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1964இல் வந்தது 2024 முடிவோடு விடுபட்டது. 1988 கேசட்டுக்கு இன்னும் காலமிருக்கிறது. பாட்டு ஊர்ப்பொது என்றாலும் பதிவு பொதுச்சொத்தல்ல. தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

மும்பை மழைக்காலத்தைக் கடந்த நாடாவை நேரே கேசட் ஓட்டும் டெக்கில் போடாதீர்கள். நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் நல்ல டெக்குக்கும் மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வேண்டாத ஒரு டெக்கில் சுற்றி, ஓடும் நாடாவைப் பஞ்சில்லாத துணியால் துடைக்க வேண்டும். நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சு, பசை விட்டு விழுந்திருக்கும். சத்தம் அமுங்கிக் கேட்க அதுவே பாதிக் காரணம். ஐந்து திருகு போட்ட காலிக் கேசட் வாங்கி நாடாவை அதற்கு மாற்றிவிடலாம். பிறகு ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றுங்கள். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் போதும், ஆல்கஹால் ரப்பரை உலர்த்திவிடும். உறையில் டால்பி (இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று போடாவிட்டால் அந்தப் பொத்தானை அணைத்து வையுங்கள். கணினியில் பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்கள் இன்னும் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், அப்போதுதான் தவறி அதன்மேல் எதுவும் பதிவாகாது. பழைய டெக்கில் ரெக்கார்ட் பொத்தான் பிளேவுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.