யாரோ ஓடினார்; எனக்கு ஏன் அழுகை வந்தது?

கேள்வி: எனக்கு 47 வயது. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். விளையாட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பள்ளியில் பி.டி. பீரியட் வந்தாலே வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுவேன். போன மாதம் ஓர் இரவு தூக்கம் வராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கென்யாவின் எலியூட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிமுடித்த பழைய காணொளி வந்தது. கடைசியில் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி, அவரை மட்டும் முன்னே போகவிட்டார்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கணவர் பதறி எழுந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். கல்லூரியில் படிக்கும் மகள், "அவருக்குக் கோடிக்கணக்கில் பணம். உனக்கு என்னம்மா கிடைத்தது?" என்கிறாள். மறுநாளே காலை 5 மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கினேன். நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் முழங்கால் வலி, அதோடு சரி. இப்போது அந்தக் காணொளி கண்ணில் பட்டாலே கூச்சமாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் ஓடினால் நமக்கு ஏன் இப்படி ஆகிறது? எல்லாம் போலி உணர்ச்சிதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னா நகரத்துப் பூங்காச் சாலையில் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் கடந்தார். வகுத்தால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 17 வினாடி. காகிதத்தில் எழுதியபோது அது அப்படியொன்றும் பயங்கரமான எண்ணாகத் தெரியவில்லை. உசேன் போல்ட் 9.58 வினாடியில் ஓடிய தூரம்தானே என்றுகூடத் தோன்றியது.

அந்தத் திமிரோடு மாலையில் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். விளையாட்டு விழாவுக்காகச் சுண்ணாம்பில் போட்ட 100 மீட்டர் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. வயது 58. செருப்பைக் கழற்றினேன், வேட்டியை மடித்துக் கட்டினேன், ஓடினேன். 31 வினாடி. பிறகு தண்ணீர்த் தொட்டித் திண்டில் பத்து நிமிடம் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தேன். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் மட்டையோடு வந்து, "தாத்தா, வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

நான் 31 வினாடி எடுத்துக்கொண்ட அந்தத் தூரத்தை அவர் 17 வினாடியில் ஓடினார். ஓடிவிட்டுத் திண்டில் உட்காரவில்லை. இடைவெளியே இல்லாமல் 422 முறை அதையே செய்தார்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் எனக்கு அந்தத் திண்டிலேயே கிடைத்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் 42 கிலோமீட்டர் என்பது வேகத்தில் ஒரு பெரிய சாதனையே அல்ல. மீன்கூடை கட்டிய மொபெட் அதைவிட வேகமாகப் போகும். அதைப் பார்த்து நாம் அழுவதில்லை. ஓடியது நம்முடையதைப் போன்ற ஓர் உடம்பு, அதுதான் விஷயம். இரண்டு கால், ஒரு நெஞ்சு, மூச்சு வாங்கினால் எங்கே வலிக்கும் என்று நமக்கும் தெரியும். அவருடைய ஓட்டத்தை அளக்கும் அளவுகோலை நீங்கள் உங்கள் முழங்காலிலேயே வைத்திருக்கிறீர்கள். பி.டி. பீரியடில் உட்கார்ந்திருந்தாலும், காலையில் கம்பெனி வேன் கிளம்பிவிட்டால் கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓடியவர்தானே நீங்கள்? அந்த இருபது மீட்டர் போதும்.

2005-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலே கலைஞர்களுக்கும், பிரேசில் நாட்டுக் கப்போய்ரா ஆட்டக்காரர்களுக்கும் இரண்டு வகை ஆட்டங்களின் காணொளிகளையும் போட்டுக்காட்டி, அப்போது அவர்களுடைய மூளையைப் படமெடுத்தார்கள். அசைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள், அவரவர் பழகிய ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் கூடுதலாக வேலை செய்தன. (இதை வைத்துக்கொண்டு 'கண்ணாடி நியூரான்' என்று ஒரே வார்த்தையில் மனித குலத்தின் அத்தனை உணர்ச்சிகளுக்கும் விளக்கம் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தானே ஒன்றைச் செய்யும்போதும், பிறர் அதைச் செய்யப் பார்க்கும்போதும் வேலை செய்யும் அந்த மூளைச் செல்கள் முதலில் கண்டறியப்பட்டது குரங்குகளிடம்.) ஆனாலும் ஒன்று புரிகிறது. பழகிய உடம்பு, பார்க்கும்போது சும்மா இருப்பதில்லை. எல்லா மனிதரும் பழகிய ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது ஓட்டம்.

நம் முன்னோருக்கு இதைப் படமெடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மனத்தில் எழுவது மெய்யில் புலப்படுவதால் அதற்கு 'மெய்ப்பாடு' என்றே பெயர் வைத்தார்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்களாகச் சொல்லப்படுபவை நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதில் 'ஆக்கம்' என்பது ஒன்று இன்னொன்றாக மாறி நிற்பது. சாதாரணச் சதையும் எலும்பும் பல ஆண்டுப் பயிற்சியில் வேறொன்றாகிவிட்டதைத்தான் அன்று இரவு நீங்கள் பார்த்தீர்கள். உங்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தால் அது போலி அல்ல. இலக்கணப்படியே நடந்திருக்கிறது.

இனி மறு பாதி. நீங்கள் அழுத இடத்தைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறீர்கள். கடிகாரம் 1:59:40-இல் நின்றபோது உங்களுக்கு அழுகை வரவில்லை. முன்னால் ஓடியவர்கள் ஒதுங்கியபோதுதான் வந்தது.

அவர்கள் யார் தெரியுமா? அன்று அவருக்கு வேகம் காட்டவும் எதிர்காற்றைத் தடுக்கவும் 41 பேர் முறைவைத்து ஓடினார்கள். ஓட்ட உலகில் இவர்களை பேஸ்மேக்கர் என்பார்கள். இதயத்தில் பொருத்துவது அல்ல, ஆனால் வேலை ஏறக்குறைய அதேதான். கூலிக்கு அமர்த்திய யாரோ எவரோ அல்லர். உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பெர்னார்ட் லகாட்டுக்கு அப்போது 44 வயது. 2007 உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர், 5000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். வாழ்நாள் முழுக்க முதலில் வருவதற்கென்றே பழகிய கால்கள் இவை. அன்று அந்தக் கால்களுக்கு இடப்பட்ட வேலை, இன்னொருவருக்காகச் சில கிலோமீட்டர் ஓடுவது, பிறகு விலகுவது. கடைசி நீட்டத்தில் அவர்கள் வேகத்தைக் குறைத்துப் பின்னால் நின்று, கையை நீட்டி 'அதோ அவர்' என்று காட்டினார்கள். கிப்சோகே நெஞ்சில் அடித்துக்கொண்டு தனியாக ஓடினார். பின்னால் வந்தவர்களின் முகங்களைக் காணொளியில் இன்னொரு முறை பாருங்கள். தங்கம் வென்ற நாளில்கூட அவர்களுக்கு அந்த முகம் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நல்லதொரு செயலைக் காணும்போது நெஞ்சு விரிந்து தொண்டை அடைக்கும் உணர்ச்சிக்கு அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் தனியாக ஒரு பெயரே கொடுத்திருக்கிறார். தமிழில் 'மன உயர்வு' எனலாம். வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் எத்தனையோ பேருக்கு வேகம் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதே பிழைப்பாக இருக்கும் ஒரு பெண்மணிக்கு, ஒதுங்கியவர்களைப் பார்த்து அழுகை வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இது என் ஊகம்தான். தவறென்றால் மன்னித்துவிடுங்கள்.

வெற்றி மட்டுமே நம்மை உலுக்குகிறது என்றால், பி.டி. உஷாவை இந்த நாடு எப்போதோ மறந்திருக்க வேண்டும். 1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41 வினாடி, உஷா 55.42. நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கம் போயிற்று. எங்கள் தெருவில் அப்போது டி.வி. கிடையாது. அப்பா செய்தித்தாளைத் திண்ணையில் விரித்துவைத்து வாசித்தார். "நூறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, "இதைவிடக் குறைச்சல்" என்றார். அன்று முழுவதும் நான் கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்தில் தங்கம் வென்றவரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மொராக்கோவின் நவால் எல் முத்தவாக்கில். பதக்கமே வாங்காதவரின் பெயர் நம் வீடுகளில் பல பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

மகளின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. பணம் வந்தது உண்மைதான். அந்த ஓட்டத்தை ஒரு பெரிய வேதிப்பொருள் நிறுவனம் செலவழித்து நடத்தியது. ஆள் மாற்றி ஆள் வேகம் காட்டியதால் அது அதிகாரபூர்வ உலக சாதனையாகவும் ஏற்கப்படவில்லை. கார்பன் தகடு வைத்த விசேஷக் காலணிதான் காரணம் என்பாரும் உண்டு. காலணி உதவியிருக்கும், மறுக்கவில்லை. அதை என் காலில் மாட்டியிருந்தால் 31 வினாடி 30 ஆகியிருக்கும்.

இப்போது உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த பகுதி அதுதான். ஒரு கச்சேரியில் யாராவது உருகிப் பாட, முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவரிடம் போய், "சரி, நாளைக் காலையிலிருந்து பாட்டுப் பயிற்சிதானே?" என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டில் மட்டும் ஏன் பார்த்து நெகிழ்ந்ததற்கு வட்டியோடு கடனைத் திருப்பிக் கட்டச் சொல்கிறோம்? நீங்கள் கண்ணீர் விட்டதோடு அந்தக் கணக்கு நேராகிவிட்டது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடனை நம் தலையில் ஏற்றியதில் மேடைப் பேச்சாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் தவறாமல் சொல்லும் கதை ரோஜர் பானிஸ்டருடையது. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார்; நான்கு நிமிடச் சுவர் உடைந்ததும் மனத்தடை நீங்கி ஆளாளுக்கு ஓடித் தாண்டிவிட்டார்கள் என்று முடிப்பார்கள். நடந்தது அப்படி அல்ல. 46 நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி தாண்டினார். அந்த ஆண்டு முடியும்வரை அந்த இருவரைத் தவிர வேறு யாரும் தாண்டவில்லை. லாண்டியும் நம்பிக்கை வந்து திடீரென்று ஓடியவரல்ல, இரண்டு ஆண்டுகளாக அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தவர். பானிஸ்டர் அன்று காலைகூட லண்டனில் தன் மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டு, ஓட்டக் காலணியின் ஆணிகளை அங்கேயே சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டு ரயிலேறியவர். சாணைக்கல் மேடையில் எடுபடாது போலிருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

கிப்சோகேயின் கதையிலும் நான்கு நாளோடு நின்றுபோனவை உண்டு. 18 வயதில் 5000 மீட்டரில் உலக சாம்பியன் ஆனவருக்கு, 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் மாரத்தானுக்கு மாறினார். உலகப் புகழ் வந்த பின்னும் கப்தகாத் என்ற ஊரில் இருக்கும் பயிற்சி முகாமில் மற்றவர்களோடு முறைவைத்துக் கழிப்பறை கழுவினார். தினமும் ஓடியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 39 வயதில், 30 கிலோமீட்டருக்குப் பிறகு அவரால் ஓட முடியவில்லை. நடந்தார், நின்றார், விலகினார். காலணியைக்கூட வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வண்டியேறினார். வியன்னா காணொளியைப் பார்க்கக் கூச்சப்படும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலை முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கலாம் என்று அவர் சொன்னால் நடங்கள், சொல்லாவிட்டால் வேண்டாம். 5 மணி என்பது ஒரு வேதவாக்கு இல்லை. சாயங்காலம் வேனிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினால் அதுவும் நடைதான். இதைக் கிப்சோகேயோடு முடிச்சுப் போடாதீர்கள். அது வேறு, இது வேறு.

மகளுக்கு மட்டும் ஒரு வேலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில் 100 மீட்டர் அளந்து அவளை ஓடச் சொல்லுங்கள். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். என்னுடைய 31-ஐ அவள் சுலபமாக முறியடித்துவிடுவாள். ஓடி முடித்துக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, 17 வினாடியில் வந்தாளா என்று பார்த்துச் சொல்லுங்கள். வந்திருந்தால், இன்னும் 421 பாக்கி என்று சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.